கூடுதல் மைலேஜ் யாருடையது?

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதுதான் டீசல் கார் வாங்குபவரின் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. பெட்ரோல் காரைவிடக் கூடுதல் விலைக்கு டீசல் கார் விற்கப்படுவதே அந்த வாக்குறுதியின் பேரில்தான். ஆனால், அமெரிக்காவில் சுமார் 4.82 லட்சம் கார்களின் உரிமையாளர்கள் 2015-க்குப் பிறகு அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருந்தது: ‘காரின் புகையைச் சட்டத்துக்கு உட்பட்டதாக மாற்றினால், அதற்குப் பிறகு எவ்வளவு கொடுக்கும்?’

அந்தக் கேள்விக்கு அவர்கள் தேடிய பதிலையும், அரசும் நீதிமன்றமும் அவர்களுக்கு வகுத்துக் கொடுத்த வழியையும் இப்போது திரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. புகையா, மைலேஜா என்ற இழுபறி ஒரு நிறுவனத்தோடு முடிந்துபோன பழைய வழக்கு அல்ல. டீசல் எரியும் ஒவ்வொரு என்ஜினிலும் அது தொடர்கிறது. அந்த இழுபறியில் நட்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பதை அமெரிக்காவும் ஐரோப்பாவும் இந்தியாவும் மூன்று விதமாகத் தீர்மானித்தன. மூன்றில் ஒன்றுதான் உரிமையாளரையும் ஊர் மக்களையும் சேர்த்து யோசித்தது.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்துக்கு விதிமீறல் அறிவிக்கை அனுப்பியது. 2009 முதல் 2015 வரையிலான மாடல்களில் ஜெட்டா, கோல்ஃப், பீட்டில், பசாட், ஆடி ஏ3 ஆகிய கார்களின் 2 லிட்டர் டீசல் என்ஜின்களில் ஒரு மென்பொருள் ஒளிந்திருந்தது. கார் சோதனைக்கூடத்தின் உருளைகள் மேல் ஓடுகிறதா, சாலையில் ஓடுகிறதா என்று அது கண்டுகொள்ளும். சோதனை என்றால் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முழுமையாக வேலை செய்யும். சாலை என்றால் அடங்கிப்போகும். அப்போது வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதிக்கப்பட்ட அளவைப் போல 40 மடங்கு வரை இருந்தது. உலகம் முழுவதும் இப்படிப்பட்ட மென்பொருளோடு விற்கப்பட்ட கார்கள் சுமார் 1.1 கோடி என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இதன் நூலைப் பிடித்து இழுத்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய ஆய்வுக் குழு. டான் கார்டர் தலைமையிலான அந்தக் குழுவில் மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோருடன் அரவிந்த் திருவேங்கடமும் இருந்தார். அவர்கள் யாரையும் பிடிக்கப் புறப்படவில்லை. அமெரிக்காவில் விற்கப்படும் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தமாக ஓடுகின்றன என்பதைச் சாலையிலேயே அளந்து, ஐரோப்பாவுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம் என்பதுதான் ஆய்வின் நோக்கம். அளவுக் கருவியைக் காரின் பின்புறம் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவின் சாலைகளில் ஓட்டினார்கள். ஜெட்டாவின் புகை, வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு இருந்தது. பசாட்டின் புகை 5 முதல் 20 மடங்கு. அதே சோதனையில் ஓடிய பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே நின்றது. டீசலைச் சுத்தமாக ஓட்ட முடியும் என்பதற்கும், இந்த இரு கார்களும் அப்படி ஓடவில்லை என்பதற்கும் ஒரே ஆய்வு சாட்சியானது.

என்ஜினுக்குள் நடக்கும் பேரம்

உரிமையாளர்களின் கவலையைப் புரிந்துகொள்ள, என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும்படி செய்கிறார்கள். தேவைக்கு மிஞ்சிய காற்றோடு, உயர் அழுத்தத்தில் எரிவதால் ஒவ்வொரு துளி டீசலிலிருந்தும் அதிக வேலை வாங்க முடிகிறது. மைலேஜ் அங்கிருந்துதான் வருகிறது. கெடுதலும் அங்கிருந்துதான் வருகிறது. அதே சூடும் அதே மிகைக் காற்றும் சேர்ந்து, காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜனை ஆக்ஸிஜனோடு சேர வைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகின்றன. பெட்ரோல் கார்களில் இந்த வாயுவை எளிதாக அடக்கிவிடும் வினையூக்கி மாற்றி, மிகைக் காற்று நிறைந்த டீசல் புகையில் அந்த வேலையைச் செய்ய முடியாது.

வேறு வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் விலையும் உண்டு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விட்டால் எரியும் சூடு தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். ஆனால் கரி கூடும். கரியைப் பிடிக்க வடிகட்டி வேண்டும். வடிகட்டி நிறைந்தால், கூடுதல் டீசலைச் செலவழித்து அந்தக் கரியை எரிக்க வேண்டும். 2009 முதல் 2014 வரை வந்த ஜெட்டா, கோல்ஃப் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து வைக்கும் பொறி ஒன்று இருந்தது. அந்தப் பொறி நிறையும்போதெல்லாம் என்ஜின் சற்று நேரம் டீசலைத் தாராளமாக ஊற்றி ஓடி, அதைக் காலி செய்ய வேண்டும். காரை நகர்த்தப் பயன்படாத டீசல் அது. அப்படி ஓடும் நேரத்தில் கரியும் கூடும், வடிகட்டி மேலும் சீக்கிரம் நிறையும்.

பசாட்டிலும் 2015 மாடல்களிலும் வந்தது யூரியா கரைசலைப் புகையில் தெளிக்கும் முறை. இதில் டீசல் இழப்பு குறைவு. ஆனால் யூரியா தீரத் தீர நிரப்ப வேண்டும். இந்தச் சுமை வாடிக்கையாளருக்குத் தெரியவே கூடாது என்பது நிறுவனத்தின் விருப்பம்: 10,000 மைலுக்கு ஒரு முறை ஆயில் மாற்றப் போகும்போது சர்வீஸ் நிலையத்தில் நிரப்பிக்கொண்டால் போதும் என்று இருக்க வேண்டும். சாலையில் ஓடும்போது யூரியா குறைவாகவே தெளிக்கப்பட்டது.

ஆக, அந்த மென்பொருள் வாடிக்கையாளருக்கு மூன்று சௌகரியங்களைத் திருட்டுத்தனமாகத் தந்தது: கொஞ்சம் கூடுதல் மைலேஜ், கொஞ்சம் கூடுதல் பிக்கப், அடிக்கடி பழுதுபார்க்க வேண்டாத புகைக்குழாய். மூன்றுக்கும் விலை கொடுத்தது சாலையோரத்தில் மூச்சு விட்டவர்கள்.

எவ்வளவுதான் குறையும்?

செய்தி வெளியானதும் உரிமையாளர்கள் முதலில் கேட்டது இதுதான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இவர்களில் பலர் சுற்றுச்சூழல் மேல் அக்கறை கொண்டே இந்தக் காரை வாங்கியவர்கள். 2009 ஜெட்டா டீசலுக்கு ‘ஆண்டின் பசுமைக் கார்’ விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆடி ஏ3 டீசலுக்கும் அதே விருது. அமெரிக்க மத்திய அரசே அந்த ஜெட்டாவை வாங்கியவர்களுக்கு 1,300 டாலர் வரிச் சலுகை தந்தது. ‘சுத்தமான டீசல்’ என்று விளம்பரம் சொன்னதை நம்பிக் காசு கொடுத்தவர்களிடம் ஒரு நாள் காலையில், ‘உங்கள் கார் சட்டவிரோதமாகப் புகை கக்குகிறது, சரி செய்தால் உங்களுக்குப் பிடித்த குணங்கள் போய்விடலாம்’ என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

மைலேஜ் எவ்வளவு குறையும் என்பதற்கு அமெரிக்காவின் நுகர்வோர் இதழான ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ 2015 அக்டோபரிலேயே ஒரு நல்ல பதிலைக் கண்டுபிடித்தது. காரின் மென்பொருளையே ஏமாற்றி, சோதனையில் இருப்பதாக அதை நம்பவைத்து, சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். 2011 ஜெட்டாவின் நெடுஞ்சாலை மைலேஜ் காலனுக்கு 50 மைலிலிருந்து 46 ஆனது. நம் கணக்கில் லிட்டருக்கு 21 கிலோமீட்டரிலிருந்து 19.5 கிலோமீட்டர். 2015 ஜெட்டாவில் 53 மைல் 50 ஆனது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட, பழைய கார் 9.9 விநாடிக்குப் பதில் 10.5 விநாடி எடுத்தது. புதிய காரில் வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான்.

இதைப் பணமாக மாற்றிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 12,500 மைல், அதாவது சுமார் 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவரை எடுத்துக்கொள்வோம். 50 மைல் கொடுத்த கார் 46 கொடுத்தால், ஆண்டுக்கு அவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 22 காலனுக்கும் குறைவான டீசல். அமெரிக்காவில் அப்போது காலன் 3 டாலருக்கும் கீழே விற்றது. 3 டாலர் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 65 டாலர். அமெரிக்க நடுத்தரக் குடும்பம் ஒன்று உணவகத்தில் ஒரு மாலை செலவழிக்கும் தொகை.

இவ்வளவு சிறிய தொகைக்காகவா லட்சக்கணக்கானோர் தயங்கினார்கள் என்றால், இல்லை. மைலேஜ் என்று அவர்கள் பேசியதற்குப் பின்னால் வேறு இரண்டு பயங்கள் இருந்தன. இரண்டும் ஆதாரமுள்ள பயங்கள்.

ஒன்று, உதிரிப் பாகங்களின் ஆயுள். கருவிகள் முழு நேரமும் வேலை செய்தால் கரி வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், வாரண்டி முடிந்த பிறகு ஆயிரக்கணக்கான டாலர் கைவிட்டுப் போகும் என்று அவர்கள் அஞ்சினார்கள். பின்னாளில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது வெளியான உண்மை அறிக்கையைப் படித்தால் அந்த அச்சம் எவ்வளவு சரியானது என்று தெரியும். 2012 வாக்கில் சில கார்களில் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. காரணம் தேடிய பொறியாளர்கள் வந்தடைந்த ஊகம்: கார்கள் சாலைக்கு வந்த பிறகும் சோதனை நிலையிலிருந்து மாறாமல் ஓடுகின்றன, அதனால் புகை வெளியேற்றும் அமைப்புக்கு அழுத்தம் கூடுகிறது. அவர்கள் கண்ட தீர்வு, கருவிகளை வலுவானதாக மாற்றுவது அல்ல. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்து, சோதனையா சாலையா என்பதை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்கும்படி மென்பொருளைத் தேற்றியதுதான்.

இரண்டாவது பயம், நம்பிக்கை இழப்பு. 2014 டிசம்பரிலேயே, புகைப் பிரச்சினையைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி சுமார் 5 லட்சம் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது. கலிஃபோர்னியா காற்று வள வாரியம் 2015 மே மாதம் மீண்டும் அளந்தபோது புகை வரம்பை மீறியே இருந்தது. ஸ்டீயரிங் தந்திரத்தை உள்ளடக்கிய திருத்தம் அதே வழியில்தான் உரிமையாளர்களின் கார்களுக்குள் போனது. ‘உங்கள் காரை மேம்படுத்துகிறோம்’ என்று சொல்லி உள்ளே வந்து, ஏமாற்றும் திறனை மேம்படுத்திவிட்டுப் போனவர்கள் மறுபடி வந்து ‘இந்த முறை உண்மையாகவே சரி செய்கிறோம்’ என்றால் யார் நம்புவார்கள்? எனக்கு இந்த வழக்கில் மிகவும் அருவருப்பூட்டும் பகுதி இதுதான். முதல் மோசடியைவிட, திருத்தம் என்ற பெயரில் நடந்த இரண்டாவது மோசடி பெரிது. பழுதுபார்ப்பவர் மேல் வாகன ஓட்டிக்கு இருக்க வேண்டிய அடிப்படை நம்பிக்கையை அது அழித்தது.

மறுபக்கத்துக் கணக்கு

உரிமையாளர் தரப்பில் இன்னொரு வாதமும் உண்டு. டீசல் குறைவாக எரிந்தால் கரியமில வாயுவும் குறைவு, எனவே மைலேஜ் தரும் கார்தான் பூமிக்கு நல்லது என்பது அது. ஐரோப்பிய அரசுகள் பல ஆண்டுகள் இந்த வாதத்தை ஏற்று டீசலுக்கு வரிச் சலுகை கொடுத்தன. மேற்கு ஐரோப்பாவில் 2015-ல் விற்ற புதிய கார்களில் சரிபாதி டீசல் கார்கள்.

வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு வாயுக்களும் ஒரே இடத்தில் தாக்குவதில்லை. கரியமில வாயு உலகம் முழுவதும் பரவிப் பல பத்தாண்டுகளில் வேலை செய்யும். நைட்ரஜன் ஆக்சைடு அதே ஊரில், அதே வாரத்தில் நுரையீரலைத் தேடி வரும். வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து ஓசோனாகும், நுண்துகளாகும், ஆஸ்துமா நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பும். இந்தக் கார்கள் 2008 முதல் 2015 வரை கக்கிய மிகைப் புகையால் அமெரிக்காவில் மட்டும் சுமார் 59 பேர் அகால மரணம் அடைந்திருப்பார்கள் என்று எம்ஐடி, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-லேயே மதிப்பிட்டார்கள்.

அதைவிட என்னை உறுத்துவது டயான் அலெக்சாண்டர், ஹன்னஸ் ஷ்வாண்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்களின் ஆய்வு. ஏமாற்றுக் கார்கள் அதிகமாகப் பதிவான அமெரிக்க மாவட்டங்களையும் குறைவாகப் பதிவான மாவட்டங்களையும் ஒப்பிட்டு, பிறந்த குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். ஆயிரம் கார்களுக்கு ஒரு ஏமாற்றுக் கார் என்ற விகிதம் கூடினால், எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் 1.9 விழுக்காடு கூடியது. ஆயிரத்தில் ஒரு கார்! ஆண்டுக்கு 65 டாலர் மிச்சத்தின் மறுபக்கத்தில் இருப்பது அந்தக் குழந்தையின் எடை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க எந்த உரிமையாளரும் மனமறிந்து சம்மதித்திருக்க மாட்டார். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஒரு மளிகைக் கடைக்காரர் உங்களுக்கு மாதாமாதம் அரிசியை ஒரு படி கூடுதலாக அளந்து போடுகிறார், அந்த ஒரு படி உங்கள் பக்கத்து வீட்டாரின் மூட்டையிலிருந்து எடுக்கப்பட்டது என்று பின்னால் தெரியவருகிறது என்றால், நீங்கள் குற்றவாளி அல்ல. ஆனால் அந்த ஒரு படி இனியும் எனக்கு வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை. கூடுதல் மைலேஜ் அப்படிப்பட்டதுதான். ஏமாற்றிய கடைக்காரரிடம் நட்டஈடு கேட்பது வேறு. அதைக் கேட்கும் முழு உரிமையும் உங்களுக்கு உண்டு.

பணத்தோடு வந்த நியாயம்

அமெரிக்கத் தீர்வு இந்தப் புரிதலின் மேல் கட்டப்பட்டது. 2016 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 25 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ நீதிபதி சார்லஸ் பிரேயர் ஒப்புதல் அளித்த உடன்படிக்கையின் மதிப்பு 1,470 கோடி டாலர். உரிமையாளர் முன் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. மோசடி வெளியாவதற்கு முன்பிருந்த சந்தை விலைக்குக் காரை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது, அரசு ஒப்புக்கொள்ளும் திருத்தம் வரும்வரை காத்திருந்து, காரை இலவசமாகச் சரி செய்துகொண்டு வைத்துக்கொள்ளலாம். எந்த வழியில் போனாலும் இழப்பீடு உண்டு: கார் மதிப்பில் 20 விழுக்காடு, அதோடு 2,986.73 டாலர். குறைந்தபட்சம் 5,100 டாலர்.

அந்தக் குறைந்தபட்சத் தொகையை மேலே சொன்ன 65 டாலரோடு ஒப்பிடுங்கள். மைலேஜ் இழப்பை மட்டும் ஈடுகட்ட என்றால், 78 ஆண்டுகளுக்குப் போதும். திருத்தம் செய்த கார்களின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் தரப்பட்டது. வடிகட்டி பற்றிய பயத்துக்கு அது நேரடியான பதில். நிறுவனத்தின் சொல்லை நம்ப வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. ஏனென்றால் ஒவ்வொரு திருத்தத்தையும் சுற்றுச்சூழல் முகமையும் கலிஃபோர்னியா வாரியமும் சோதித்த பிறகே அனுமதித்தன. நிறுவனம் முதலில் கொடுத்த திருத்தத் திட்டத்தைக் கலிஃபோர்னியா வாரியம் 2016 ஜனவரியில் முகத்துக்கு நேராக நிராகரித்தது. 2015 மாடல்களுக்கு 2017 ஜனவரியில்தான் ஒப்புதல் கிடைத்தது. எண்ணிக்கையில் அதிகமான, மிகப் பழைய கார்களுக்கு 2017 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு உண்மையையும் அதிகாரிகள் மறைக்கவில்லை. பழைய கார்களை எவ்வளவு சரி செய்தாலும் முதலில் சான்றளித்த வரம்புக்குள் கொண்டுவர முடியாது, மிகைப் புகையில் பெரும் பகுதியை மட்டுமே குறைக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மிச்சத்துக்கு ஈடாக நிறுவனத்திடமிருந்து 270 கோடி டாலரை வாங்கிச் சுற்றுச்சூழல் அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தினார்கள். பழைய டீசல் பேருந்துகளையும் லாரிகளையும் மாற்றுவது போன்ற வேலைகளுக்கு அந்தப் பணம் போனது. மின் வாகனக் கட்டமைப்புக்கு மேலும் 200 கோடி டாலர்.

உடன்படிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு வேறு. 2019 ஜூன் முடிவதற்குள் பாதிக்கப்பட்ட கார்களில் 85 விழுக்காட்டை நிறுவனம் திரும்ப வாங்கியிருக்க வேண்டும் அல்லது சரிசெய்திருக்க வேண்டும். தவறினால், குறையும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் கோடிக்கணக்கான டாலர் அபராதம். உரிமையாளரைத் தேடிப்போய்க் கெஞ்ச வேண்டிய பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. திருத்தம் செய்யாத உரிமையாளரைத் தண்டிப்பதற்குப் பதிலாக, அவரை இணங்கவைக்காத நிறுவனத்தைத் தண்டிக்கும் விதி இது. மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

முடிவு என்ன? கோரிக்கையை நிறைவு செய்தவர்களில் 86 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2020-ல் அறிவித்தது. உரிமையாளர்கள் கைக்குப் போன தொகை 950 கோடி டாலருக்கும் மேல். திரும்பி வந்த லட்சக்கணக்கான கார்கள் மூடப்பட்ட கால்பந்து மைதானம், பழைய காகித ஆலை, கலிஃபோர்னியாவின் விக்டர்வில் பாலைவனம் என 37 இடங்களில் வரிசை வரிசையாக நிறுத்திவைக்கப்பட்டன. காரை விட மனமில்லாத சிறுபான்மையினர் திருத்தம் செய்துகொண்டு ஓட்டினார்கள். மைலேஜ் பற்றிய விவாதம் நியாயமான விலை முன்வைக்கப்பட்டதும் தானாக அடங்கிப்போனது.

ஐரோப்பாவில் இது நடக்கவில்லை. அங்கே கார்கள் பல மடங்கு அதிகம், சுமார் 85 லட்சம். ஜெர்மனியில் திருத்தம் கட்டாயம். மறுத்தால் பதிவு ரத்தாகும். ஆனால் பணம் எதுவும் தரப்படவில்லை. பெரும்பாலான கார்களுக்கு மென்பொருள் மாற்றம் மட்டும், 1.6 லிட்டர் என்ஜினுக்குக் கூடவே காற்றுக் குழாயில் பொருத்தும் ஒரு சிறு பிளாஸ்டிக் பாகம். மைலேஜும் பிக்கப்பும் மாறாது என்று நிறுவனம் சொல்ல, இழுவை குறைந்துவிட்டது, புகையைத் திருப்பிவிடும் வால்வு அடைத்துக்கொள்கிறது என்று உரிமையாளர்கள் புகார் செய்தபடி இருந்தார்கள். நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2020-ல்தான் ஜெர்மானிய உரிமையாளர்களுக்கு ஒரு கூட்டு உடன்பாடு வந்தது. ஒருவருக்குக் கிடைத்தது 1,350 முதல் 6,257 யூரோ வரை.

2022 ஜூலை 14 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு உரிமையாளர்களின் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியது. திருத்தம் என்று ஏற்றப்பட்ட அந்த மென்பொருள், வெளி வெப்பநிலை 15 முதல் 33 டிகிரி வரை இருந்தால் மட்டுமே புகைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது. வழக்கு வந்தது ஆஸ்திரியாவிலிருந்து. அங்கே ஆண்டின் பெரும்பகுதி 15 டிகிரிக்குக் கீழேதான். 1,000 மீட்டர் உயரத்துக்கு மேலே போனாலும் கட்டுப்பாடு தளர்ந்தது, அதுவும் ஆல்ப்ஸ் மலை நாட்டில். இதுவும் தடைசெய்யப்பட்ட ஏமாற்றுக் கருவியே என்றது நீதிமன்றம். பாகங்கள் தேயும், பராமரிப்புச் செலவு கூடும் என்பதெல்லாம் புகைக் கட்டுப்பாட்டை அணைப்பதற்கு நியாயமாகாது என்று 2020-லேயே அது சொல்லியிருந்தது. மக்களுக்கு உரிய நேரத்தில் இழப்பீடும் இல்லை, சுத்தமான காற்றும் முழுமையாக இல்லை என்ற நிலைக்கு ஐரோப்பா போனதற்குக் காரணம், திருத்தத்தின் விலையைக் கடைசிவரை குறைக்கப் பார்த்ததுதான்.

உரிமையாளரே செய்தால்?

இதுவரை சொன்னதில் உரிமையாளர் ஏமாற்றப்பட்டவர். அவரே மனமறிந்து செய்யும் காரியம் ஒன்று உண்டு. வடிகட்டியைக் கழற்றி எறிவது, யூரியா தெளிப்பதை நிறுத்துவது, புகையைத் திருப்பிவிடும் வால்வை அடைப்பது, என்ஜின் கணினியில் வேறு நிரலை ஏற்றுவது. மைலேஜ் கூடும், இழுவை கூடும், பராமரிப்பு மிச்சம் என்று சொல்லி விற்கப்படும் வேலை இது.

2020 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அமலாக்கப் பிரிவு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ பத்தாண்டுகளில் அந்த நாட்டில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களில் இப்படிக் கருவிகள் அகற்றப்பட்டன. ஃபோக்ஸ்வேகனின் 4.82 லட்சத்தைவிட அதிகம். அந்த வாகனங்கள் தங்கள் ஆயுளில் கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு 5.7 லட்சம் டன். ஒரு நிறுவனம் செய்தபோது உலகமே கொதித்தது. அதையே ஊர் ஊராகச் சிறு பட்டறைகள் செய்தபோது அந்தக் கொதிப்பில் சிறு பங்குகூட எழவில்லை. ஏமாந்த உரிமையாளர் பக்கம் நான் உறுதியாக நிற்பேன். தெரிந்தே கழற்றுபவர் பக்கம் நிற்க ஒரு காரணமும் இல்லை. அவர் மிச்சப்படுத்தும் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

இந்தியாவுக்கு வருவோம். இதே வகை என்ஜின்கள் இங்கும் ஓடின. இந்திய வாகன ஆய்வுச் சங்கம் சாலையில் அளந்தபோது, பிஎஸ்-4 வரம்பைப் போல 5 முதல் 9 மடங்கு வரை புகை இருந்தது. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் சேர்த்து 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்துச் சரி செய்வதாக நிறுவனம் அறிவித்தது. விதி எதையும் மீறவில்லை, இது தானாக முன்வந்து செய்வது என்பதே அதன் நிலைப்பாடு. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. அமெரிக்காவைப் போலக் காரைத் திரும்ப வாங்கும் திட்டமோ, உரிமையாளருக்கு இழப்பீடோ இங்கே இல்லை. இத்தனை விழுக்காடு கார்களைச் சரி செய்தாக வேண்டும், தவறினால் இவ்வளவு அபராதம் என்று காலக்கெடு விதிக்கும் உடன்படிக்கையும் இல்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு இந்தியாவின் புதிய டீசல் வாகனங்களிலும் கரி வடிகட்டியும் யூரியா தெளிப்பானும் பரவலாகிவிட்டன. வடிகட்டி விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் வேகமாக ஓட்டிவிட்டு வரும்படி மெக்கானிக் சொல்வதை, நகரத்துக்குள்ளேயே ஓட்டும் டீசல் கார்க்காரர்கள் கேட்டிருப்பார்கள். ஆலோசனை சரியானதுதான், வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய அந்தச் சூடு வேண்டும். ஆனால் அடுத்த முறை அதே தொல்லை வரும்போது, ‘கழற்றிவிடலாமா, மைலேஜும் கூடும்’ என்ற யோசனை காதில் விழுந்தால் எத்தனை பேர் மறுப்பார்கள்? மறுக்காதவரைக் கண்டுபிடிக்க நம்மிடம் வழி இருக்கிறதா?

ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை நாம் எடுக்கும் புகைச் சான்றிதழில், டீசல் வண்டிக்கு அளக்கப்படுவது புகையின் அடர்த்தி மட்டுமே. வண்டியை நிறுத்திவைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து, குழாயிலிருந்து எவ்வளவு கறுப்பாக வருகிறது என்று பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அந்தச் சோதனை அளப்பதே இல்லை. யூரியாத் தெளிப்பான் அடியோடு அணைக்கப்பட்ட வண்டிகூட அதில் தேறிவிடும். புதிய மாடல்களைச் சாலையில் ஓட்டி அளக்கும் சோதனை 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாகியிருக்கிறது, அது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அது நிறுவனத்தின் வாயிலில் நடக்கும் சோதனை. நம் தெருவில் ஏழாவது ஆண்டாக ஓடும் வண்டிக்கு அது பொருந்தாது.

எனவே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. டீசல் வாகனங்களின் புகைச் சான்றிதழில் நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்க்க வேண்டும். கருவிகளைக் கழற்றும் பட்டறைகளின் மேல் வழக்குப் பதிய வேண்டும். தயாரிப்பாளரின் குற்றத்தால் ஒரு மாடல் வரம்பை மீறுகிறது என்று நிரூபணமானால், உரிமையாளருக்கு இழப்பீடும் நீண்ட வாரண்டியும், வேண்டுமென்றால் காரைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் சட்டப்படி கிடைக்க வேண்டும். இத்தனை விழுக்காடு வண்டிகள் சரி செய்யப்பட்டாக வேண்டும் என்ற இலக்கும் அபராதமும் நிறுவனத்தின் மேல் இருக்க வேண்டும். இவற்றைச் செய்துவிட்டு உரிமையாளரிடம் போய், ‘லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் குறையலாம், வண்டியைக் கொண்டுவாருங்கள்’ என்று கேளுங்கள். பெரும்பாலானோர் கொண்டுவருவார்கள்.